சுற்று முடியும் இடத்தில் ஒரு மரு

மார்ச் 4

இந்தச் சட்டையைப் பின்னியவருக்கு,

வணக்கம். இது புகார்க் கடிதம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் வேலை பார்ப்பது புகார்கள் வந்து விழும் இடத்தில். பெரிய துணிக்கடை ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. வாங்கியவர்கள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கும் துணிகளெல்லாம் என் மேசைக்கு வரும். கறை இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா, ஒரு விசேஷத்துக்குப் போட்டுக்கொண்டு போய் அழகு காட்டிவிட்டுத் திருப்பியிருக்கிறார்களா என்று பார்த்து, மறுபடி விற்கலாமா கூடாதா என்று பிரித்துப் போட வேண்டும். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் மூக்கு. துணியை மோந்து பார்ப்பதால்.

சென்ற வாரம் வெள்ளை நூலில் ஒரு குரோஷா சட்டை வந்தது. உள்ளே ஒரு சீட்டில் கம்பெனி முகவரியும் ஒரு நம்பரும் இருந்தன, அவற்றைப் போட்டுத்தான் இதை அனுப்புகிறேன். "மெஷின்ல பின்னினது. தோள்ல பிரிஞ்சிருக்கு. தூக்கிக் கடாசு" என்றார் எங்கள் மேற்பார்வையாளர். இதை மெஷினில் பின்ன முடியாது என்று சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்வெட்டர் பின்னும்போது நூறு கண்ணிகள் ஊசியில் வரிசை கட்டி நிற்கும், அதை மெஷின் செய்துவிடும். குரோஷாவில் கொக்கியின் மேல் இருப்பது ஒரே ஒரு கண்ணி. அடுத்து எந்த ஓட்டையில் நுழைவது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு கை முடிவு செய்ய வேண்டும். கடையில் தொங்கும் ஒவ்வொரு குரோஷா சட்டைக்கும் பின்னால் எங்கோ ஒருத்தி முதுகு வலிக்க உட்கார்ந்திருக்கிறாள்.

உங்கள் சட்டை சின்னச் சின்னச் சக்கரங்களைச் சேர்த்துச் செய்தது. வலது கைக்காரர் சக்கரம் பின்னினால் பின்னல் கடிகார முள்ளுக்கு எதிராக ஓடும். இதில் முள் போகிற திசையிலேயே ஓடுகிறது. ஆகவே இடது கை. அதற்காக மட்டும் நான் கடிதம் எழுத மாட்டேன். இடது கைக்காரர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள்.

ஒரு சுற்று முடிந்தால் முதல் பின்னலின் தலையில் கொக்கியை விட்டு, நூலை இழுத்து, கையிலிருக்கும் கண்ணி வழியாகவே நழுவவிட்டுப் பூட்டுவார்கள். குரோஷா தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்கும் என் தங்கைக்கும் மட்டும் தெரியாது. நாங்கள் பழைய பேப்பர்க் கட்டில் கிடைத்த ஒரு புத்தகத்தைப் பார்த்து நாங்களாகவே கற்றுக்கொண்டோம். அதில் கடைசிப் பக்கங்கள் இல்லை. சுற்றை எப்படி முடிப்பது என்பது அந்தப் பக்கங்களில் இருந்திருக்க வேண்டும். அதனால் எங்களுக்குத் தோன்றியபடி செய்தோம். கொக்கியைக் கண்ணியிலிருந்து உருவி, முதல் பின்னலுக்குள் பின்பக்கமாக நுழைத்து, விட்ட கண்ணியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மேலே ஒரு சங்கிலிப் பின்னல் அதிகமாகப் போடுவது. அந்தச் சங்கிலி அடங்காமல் புடைத்துக்கொண்டு நிற்கும். தங்கை அதற்கு மரு என்று பெயர் வைத்தாள்.

உங்கள் சட்டையில் ஒவ்வொரு சுற்றிலும் மரு இருக்கிறது.

இடது கையால் பின்னி மருவும் வைக்கிறவள் உலகத்தில் ஒருத்திதான். பல வருடங்களாக அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. சின்னவளே, இதைப் பின்னியது நீதான் என்றால் ஒரு வரி எழுது. அப்பா போய்விட்டார். நீ கோபித்துக்கொள்வதற்கு வீட்டில் இனி நான் ஒருத்திதான் மிச்சம்.

இப்படிக்கு,
திரும்பி வந்த துணிகளைப் பார்க்கிறவள்


மார்ச் 27

மேடம்,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆபீசில் பிரித்துப் படித்து, மேனேஜர் மேசையைச் சுற்றிவிட்டுத்தான் என்னிடம் வந்தது. சட்டைக்குள் இருந்த சீட்டின் நம்பர் என்னுடையது, அதனால் என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். "என்னம்மா, உனக்கு ரசிகையெல்லாம் இருக்காங்க போல" என்றார் மேனேஜர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கடிதத்தை நகல் எடுத்து வைத்துக்கொண்டார். இனிமேல் தயவுசெய்து என் வீட்டு முகவரிக்கு எழுதுங்கள். பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

நான் உங்கள் தங்கை இல்லை. எனக்குக் கூடப் பிறந்ததெல்லாம் தடித் தம்பிகள். எழுதுவது, கதவைத் திறப்பது, தம்பிகள் முதுகில் இரண்டு வைப்பது எல்லாம் எனக்கு வலது கைதான். குரோஷா மட்டும் இடது கை.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இந்தக் கொட்டகையில் நாங்கள் பதினான்கு பேர். பதினான்கு பேரும் இடது கையால்தான் பின்னுகிறோம். பதினான்கு பேரும் மரு வைக்கிறோம். நீங்கள் எழுதித்தான் அது தப்பு என்றே எனக்குத் தெரியும். குரோஷா என்றாலே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஜன்னலோரத்தில் இருக்கிற நான் கடிதத்தைப் படிக்க, கொட்டகையே வாயைப் பிளந்துகொண்டு கேட்டது.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரை நொட்டாங்கை அக்கா என்று கூப்பிடுவோம். இப்போது அவர் இங்கே இல்லை.

மேலே எழுதட்டுமா என்று தெரியவில்லை. நீங்கள் எழுது என்று சொன்னால் எழுதுகிறேன்.

ஜன்னலோரத்துக்காரி


ஏப்ரல் 12

அன்புள்ள ஜன்னலோரத்துக்காரிக்கு,

எழுது. என்னவாக இருந்தாலும் எழுது. நீ என்று எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே, உன் எழுத்தைப் பார்த்தால் அவள் வயதுதான் இருப்பாய் என்று தோன்றுகிறது.

இங்கே இல்லை என்று எழுதியிருக்கிறாய். வேலையை விட்டுவிட்டாளா? வேறு கம்பெனிக்கா? எந்த ஊர்? அவளுக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது. மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டு போயிருப்பாள். அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், வேறு எதையும் நினைக்கப் போவதில்லை.

பதினான்கு பேர் என்று படித்ததும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் பொறாமை வந்தது. ஏன் என்று சொல்கிறேன். அந்தப் புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள்தான் இல்லையே தவிர, முதல் பக்கங்களில் சரித்திரம் இருந்தது. நான் சத்தமாகப் படிப்பேன், அவள் பின்னுவாள். முதலில் துணியை மத்தளம் போலச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கியால் நூலை மேலே இழுத்து இழுத்துச் சித்திரம் போட்டார்களாம். கிழக்கே இருந்துதான் மேற்கே போனதாம் அந்த வேலை. பிறகு யாரோ ஒருவர் துணியே வேண்டாம் என்று விட்டுவிட்டு வெறும் நூலில் பின்னிப் பார்த்திருக்கிறார். காற்றில் பின்னுவது என்றே அதற்குப் பெயர் இருந்ததாம். முதலில் அப்படிச் செய்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. "பேரு தெரியாத ஆளு கண்டுபிடிச்சதுன்னா நமக்கு ரொம்ப வசதிக்கா, தப்பாப் பின்னினா யாரும் கேக்க முடியாது" என்பாள்.

அதில் அயர்லாந்துப் பஞ்சத்தைப் பற்றியும் இருந்தது. உருளைக்கிழங்கு அழுகிப் போய் ஜனங்கள் செத்தபோது பெண்கள் குரோஷா லேஸ் பின்னி விற்றுக் குடும்பத்தைப் பிழைக்க வைத்தார்கள். ஒரு வீட்டில் ரோஜா மட்டும், பக்கத்து வீட்டில் இலை மட்டும். தன் வீட்டுப் பூ எப்படி வருகிறது என்று அடுத்த வீட்டுக்குக் காட்ட மாட்டார்களாம். ஆள் வந்தால் மறைத்துவிடுவார்களாம். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு நம் வீட்டுக்கும் ஒரு பூ வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பூ வரவில்லை. மருதான் வந்தது. "யாருக்கும் சொல்லித்தரக் கூடாதுக்கா" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் இன்று வரை ஒரு ஈ காக்கைக்குச் சொல்லவில்லை. அவள் பதினான்கு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், பாவி.

எங்களுக்குள் என்ன சண்டை என்று நீ யோசிப்பாய். வண்டி ஓட்டுகிறவர் ஒருவரைக் கட்டிக்கொள்வேன் என்றாள். அப்பா வெளியே போ என்றார். போய்விட்டாள். கொஞ்ச நாளில் அப்பா படுத்த படுக்கையானார். "அவரை விட்டுட்டு வந்துடு, இல்லைன்னா என்னை மறந்துடு" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். நான் போகவில்லை. ஈரத் துணியை மாற்ற ஆளில்லாமல் ஒரு மனிதரைப் போட்டுவிட்டு எப்படிப் போவது? அவர் நல்லவர் என்று நான் சொல்லவே இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன். அதை அவளிடம் நேரில் சொல்ல வேண்டும். அவள் கத்த வேண்டும், நான் கேட்க வேண்டும்.

எங்கே இருக்கிறாள்?

மூக்கு


மே 3

அக்கா,

அப்படிக் கூப்பிடலாம்தானே? நீங்கள் படிக்கிறபோது பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது.

நொட்டாங்கை அக்கா இறந்துவிட்டார். போன வருடம், மழை விட்ட பிறகு. நெஞ்சில் சளி கட்டி, இருமல் நிற்காமல். நூல் தூசி என்று நாங்கள் சொன்னோம், டாக்டர் வேறு ஏதோ பெயர் சொன்னார். ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான்தான். வண்டிக்காரர் இல்லை. கல்யாணமான ஒரு வருடத்திலேயே வண்டியோடு எங்கோ போய்விட்டாராம். "வண்டியையாவது விட்டுட்டுப் போயிருக்கலாம்" என்பார் அக்கா.

உடனே சொல்லாமல் போன கடிதத்தில் மழுப்பினேன். மன்னியுங்கள். முதல் கடிதத்திலேயே உங்களுக்கு அதை எழுத என் கை வரவில்லை.

அவர் எங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்று எழுதுகிறேன். அதற்கு முன்னால் நாங்கள் இங்கே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் குரோஷா ஆர்டர் வந்திருக்கிறது, யாருக்குத் தெரியும் என்று கேட்டார்கள். அவர் மட்டும் கையைத் தூக்கினார், அதுவும் இடது கையை. எதிரே உட்கார்ந்து பார்த்தால், கண்ணாடியில் பார்ப்பது போல, எங்களுக்குச் சரியாக வலது கைப்பழக்கம் வந்துவிடும் என்று சொன்னார். ஆனால் இங்கே மேசையெல்லாம் சுவரைப் பார்த்துத் தரையோடு அறைந்து வைத்தவை. எதிரே உட்கார இடம் ஏது? பக்கத்தில் உட்கார்ந்து அவர் செய்கிறபடியே செய்தோம். நான் கற்றுக்கொண்டு அடுத்தவளுக்கு, அவள் அடுத்தவளுக்கு. இப்படிக் கொட்டகை முழுக்க நொட்டாங்கை ஆகிவிட்டது.

"முதல்ல ஒரு சுருக்கு. கொக்கியை உள்ள விடு. நூலைப் புடிச்சு இழு. அதான் சங்கிலி. சங்கிலி வந்துட்டா பாதி வந்த மாதிரி." பிறகு குட்டைப் பின்னல். ஓட்டைக்குள் நுழைந்து நூலை இழுத்தால் கொக்கியில் இரண்டு கண்ணி இருக்கும், இரண்டையும் ஒரே இழுப்பில் தாண்டிவிடு என்பார். நெட்டைப் பின்னலுக்கு முதலிலேயே கொக்கியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நுழைய வேண்டும். அப்போது மூன்று கண்ணி. இரண்டு இரண்டாகத் தாண்ட வேண்டும். எனக்கு ஒரு வாரம் வரை எண்ணிக்கை உதைத்துக்கொண்டே இருந்தது. என் சக்கரமெல்லாம் குழிந்து கிண்ணமாக வரும். "நூலைக் கழுத்தைப் புடிக்கிற மாதிரி புடிக்காதடி. குழந்தை உன் விரலைப் புடிக்குமே, அந்த மாதிரி புடி" என்பார். அதற்குப் பிறகு எனக்குத் தட்டையாக வந்தது.

இனி எழுதப் போவதுதான் கஷ்டம். ஆஸ்பத்திரியில் நான் கேட்டேன், வீட்டுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று. அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். "வேணாம்" என்றார். "சொன்னா வந்துடுவா. வந்து அப்பாவைப் பாத்துக்கிட்ட மாதிரி என்னையும் பாத்துக்குவா. எனக்கு அது வேணாம்." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே உயிரை விட்டார் என்று ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். படித்தால் அது அவர் மாதிரியே இல்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஜன்னலோரத்துக்காரி


மே 22

என்னை அக்கா என்று எழுதாதே. அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவள் கூப்பிட மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாளாம். உனக்கு என்ன வந்தது?

கிழித்த கடிதத்தையே அனுப்பியிருக்கலாம். நான் என்ன கண்டேன்?


ஜூன் 14

அன்புள்ள ஜன்னலோரத்துக்காரிக்கு,

போன கடிதத்தை மறந்துவிடு. நீ என் தங்கைக்கு ஆஸ்பத்திரியில் தண்ணீர் கொடுத்தவள். உன்னிடம் போய் என் கோபத்தைக் காட்டியிருக்கிறேன்.

கோபம் போகவில்லை. அவள்மேல்தான். வந்துவிடுவேன் என்று தெரிந்தும் வேண்டாம் என்றாளே. சாகும்போதுகூடச் சண்டையில் ஜெயிக்க வேண்டுமா அவளுக்கு? ஜெயித்துக்கொள்ளட்டும். நான் அழுதது தோற்றதற்காக என்றுகூட அவள் நினைத்துக்கொள்ளலாம்.

நேற்று வேலை முடிந்ததும் மேலே கடைக்குள் போனேன். நாங்கள் அடித்தள ஆட்கள், கடைப் பக்கம் தலை காட்டுவதில்லை. வாங்க வந்தவள் மாதிரி நடந்து போனேன். உங்கள் வெள்ளைச் சட்டைகள் ஒரு கம்பி முழுக்கத் தொங்கின. ஒவ்வொன்றாகப் பிடித்து, சக்கரங்களை விரலால் தடவிப் பார்த்தேன். ஒருத்தி இறுக்கமாகப் பின்னியிருக்கிறாள், ஒருத்தி தளர்வாக. எது உன்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் மரு இருந்தது. எல்லாச் சக்கரமும் அவள் பக்கமாகவே ஓடியது. விற்பனைப் பெண் வந்து "சைஸ் பாக்கறீங்களா மேடம்?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

அவள் இறந்த பிறகு பின்னிய சட்டைகள் அவை. இருந்தும் அவள் கை அதில் இருக்கிறது. எனக்கு அவளுடைய போட்டோகூடக் கிடையாது, அப்பா எல்லாவற்றையும் எரித்துவிட்டார். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான் என்று அங்கே நிற்கும்போது புரிந்தது. நீங்கள் பின்னிக்கொண்டே இருங்கள். எனக்கு அது போதும்.

மூக்கு


ஜூலை 30

அக்கா,

நீங்கள் வேண்டாம் என்றாலும் இப்படித்தான் எழுதுவேன்.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் முதல் கடிதத்தை மேனேஜர் நகல் எடுத்தார் என்று சொன்னேன் அல்லவா? அதைத் துணி வாங்குகிற கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார். நல்ல எண்ணத்தோடுதானாம், நம் சரக்கை ஒருவர் பாராட்டியிருக்கிறார் என்று காட்ட. அங்கே படித்தவர்கள் பாராட்டைப் படிக்கவில்லை. சுற்று முடிக்கிற முறையே தப்பு, ஒரு சங்கிலி அதிகம், புடைப்பு தெரிகிறது என்று நீங்கள் விளக்கமாக எழுதியிருந்ததை மட்டும் படித்திருக்கிறார்கள். எந்த இடத்தில் எப்படித் தப்பு என்று இவ்வளவு தெளிவாக யாரும் எழுதித் தந்ததில்லையாம். உடனே திருத்த வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது.

புதிதாக ஒரு டீச்சரம்மாவை அனுப்பியிருக்கிறார்கள். நல்லவர்தான், அதட்டுவதில்லை. இன்னொரு கொட்டகையில் பின்னுகிற சக்கரங்களும் எங்கள் சக்கரங்களும் ஒரே சட்டையில் சேரப் போகிறதாம், அதனால் எல்லாம் ஒரே பக்கமாக ஓட வேண்டும். மேசைகளைப் பெயர்த்துத் திருப்பிப் போட்டார்கள். இப்போது எதிரும் புதிருமாக உட்காரலாம். பின்னுவது இனி வலது கையால், நழுவல் பூட்டுப் போட்டு. செய்து வைத்திருந்த பழைய சக்கரங்களைப் பிரித்து நூலாக்கச் சொன்னார்கள். பெட்டி பெட்டியாக இருந்தது. உங்களுக்குத் தெரியுமே, கடைசி முடிச்சை அவிழ்த்துவிட்டு இழுத்தால் போதும், கண் மூடித் திறப்பதற்குள் நூலாகிவிடும். நாங்கள் எல்லோரும் அன்று முழுவதும் அதைத்தான் செய்தோம். அடுத்த மேசைக்காரி மட்டும் "அக்கா கோவிச்சுக்கும்டி" என்று ஒருமுறை சொன்னாள்.

மற்றவர்களுக்கு வலது கை சீக்கிரம் பழகிவிட்டது. எனக்கு வரவில்லை. கொக்கி என் வலது கையில் ஸ்பூன் மாதிரி நிற்கிறது. டீச்சரம்மா பொறுத்துப் பார்த்தார், பிறகு என்னை மறுபடி பொத்தானுக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத பக்கம்.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் அவரைத் தேடித்தான் எழுதினீர்கள், அது எனக்குத் தெரியும். நானாக இருந்தாலும் எழுதியிருப்பேன். ஆனாலும் இருக்கிறது. அது போகும்போது சொல்கிறேன்.

ஜன்னலோரத்துக்காரி (பழக்கத்தில் வந்துவிட்டது, இருக்கட்டும்)


செப்டம்பர் 18

தங்கச்சி,

உன் கோபம் போக வேண்டாம். வைத்துக்கொள். நான் வைத்துக்கொண்டிருக்கவில்லையா?

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதினாலும் சாக்குச் சொல்வது போல இருந்தது. அவளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று மருவை அங்குலம் அங்குலமாக வர்ணித்தேன். யாருக்கும் சொல்லாதே என்று அவள் சத்தியம் வாங்கியதை ஒரு கம்பெனிக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி உலகத்தில் அப்படிப் பின்னுகிறவர்கள் நானும் நீயும்தான். நான் வலது கை. நீ பொத்தான் தைக்கிறாய்.

கடையில் பழைய சட்டைகள் விற்றுத் தீரும் வரை வேலை முடிந்ததும் மேலே போய்க்கொண்டிருந்தேன். ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று கடைசியில்தான் தோன்றியது. அதற்குள் கம்பி காலி. அந்த முதல் சட்டையை மேற்பார்வையாளர் மார்ச் மாதமே வெட்டி எறிந்துவிட்டார், அதுதான் விதி, பிரிந்ததை வெளியே விடக் கூடாது. என்னிடம் ஒரு சக்கரம்கூட இல்லை.

இன்று காலை மேசைக்கு ஒரு வெள்ளைச் சட்டை வந்தது. அதே நூல், அதே சக்கரம். உள்ளே உங்கள் கொட்டகைச் சீட்டு. எனக்கு ஒரு நப்பாசை, பழைய சரக்காக இருக்குமோ என்று. விளக்கடியில் பிடித்தேன். பின்னல் எதிர்ப்பக்கமாக ஓடியது. சுற்று முடியும் இடத்தை விரலால் தேடினேன். எங்கே தொடங்கி எங்கே முடித்திருக்கிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு சுத்தம். அளவு பெரிதாகிவிட்டது என்று திருப்பியிருந்தார்கள், வேறு காரணம் எதுவும் இல்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

"நல்லா இருக்குங்க. ஒரு குறையும் இல்லை. விக்கலாம்" என்றேன்.

மடித்து, புது உறையில் போட்டு, மேலே போகிற பெட்டியில் வைத்தேன். பிறகு அடுத்த துணியை எடுக்க முடியவில்லை. அவள் இறந்துவிட்டாள் என்று நீ மே மாதமே எழுதிவிட்டாய். எனக்கு இன்றைக்குத்தான் இறந்தாள்.

அக்கா